ஆளில்லாத நாயனத்துக்கு நான் பிடித்த ஒத்து

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்யாணத்துக்கு வாசித்துவிட்டுத் திரும்பும்போது மற்றவர்கள் எல்லாம் சுடுகாட்டு வழியை விட்டு ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் நேராக உள்ளே புகுந்து நடந்து, அவர்கள் வருவதற்குள் வீட்டில் கை கால் கழுவிக்கொண்டிருப்பேன். வத்தல்மலைத் திருவிழாவுக்குப் போனால் ஒரு பாறையைக் காட்டி அதில் மட்டும் உட்காராதே என்பார்கள், நான் அதில்தான் உட்கார்ந்து சோற்று மூட்டையை அவிழ்ப்பேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது, இந்தக் கிழவன் ஏதோ கட்டிவிடப் போகிறான் என்று நினைக்கிறீர்கள். கட்டிவிட எனக்குத் தெரியாது. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நான் கற்ற வித்தை. நான் ஒத்துக்காரன்.

ஒத்து என்றால் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. பார்க்க நாயனம் மாதிரியேதான் இருக்கும், ஆனால் விரல் ஓட்டி வாசிக்கத் துளை கிடையாது. ஒரே சத்தம். நாயனக்காரர் எந்த ராகத்தில் ஏறி எங்கே இறங்கினாலும் அவர் காலுக்குக் கீழே தரை மாதிரி அந்தச் சத்தம் கிடக்க வேண்டும். அவர் மூச்சு வாங்கலாம், சீவாளியை மாற்றலாம், ஒத்துக்காரன் விடக்கூடாது. கன்னத்தில் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு மூக்கால் இழுத்து இழுத்து, வாயால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பிடித்ததெல்லாம் என் அண்ணன் மாதையனுக்குத்தான். நாயனம் அவர், தவில் ரங்கன், ஒத்து நான். பொம்மிடிக்கும் மொரப்பூருக்கும் நடுவில், ரயில் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் எங்கள் ஊர்.

அண்ணனிடம் இருந்தது திமிரி நாயனம், எங்கள் அப்பா வாசித்தது. குட்டையாக இருக்கும், சுருதி ஏற்றம். பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த ஆச்சா மரத்து உத்தரத்தில் கடைந்தது என்று அப்பா சொல்வார், பல காலம் வீட்டைத் தாங்கிக் காய்ந்த மரம்தான் பேசுமாம், பச்சை மரம் ஊமையாம். அதற்குக் கோபதாபம் எல்லாம் உண்டு, நம்பினால் நம்புங்கள். மார்கழிக் குளிரில் முதலில் முரண்டு பிடிக்கும், அண்ணன் அக்குளில் இடுக்கிச் சூடேற்றி, கெஞ்சுகிற மாதிரி கொஞ்சம் ஊதிப்பார்த்த பிறகுதான் வாய் திறக்கும். சீவாளி என்று நுனியில் செருகுகிற நாணல் துண்டு இருக்கிறதே, அதுதான் அதற்கு நாக்கு. காய்ந்திருந்தால் சத்தம் வராது. எச்சில் ஊற வாயில் வைத்திருந்து, அந்த நாணல் உதடு விரிந்த பிறகுதான் ஊத முடியும். அண்ணன் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர், அவர் சீவாளி எல்லாம் செக்கச்செவேல் என்றிருக்கும்.

அண்ணி பேர் காவேரி, பென்னாகரத்துப் பக்கம். அவருக்கு இருந்த காது எங்கள் யாருக்கும் கிடையாது. உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டே, “அந்தச் சீவாளி வேணாங்க, வாயி பொளந்துடுச்சு” என்பார். அண்ணன் எடுத்துப் பார்ப்பார், நூல் மாதிரி கீறல் விட்டிருக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை. சாயங்காலம் அண்ணன் வாசித்துப் பார்ப்பார், அண்ணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

திமிரிக்கு மலை வேண்டும், வெளி வேண்டும். வத்தல்மலைக் கோயிலில் அண்ணன் நின்று ஊதினால் கீழே சாமை அறுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் காலம் மாறிக்கொண்டு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பாரி என்று நீள நாயனம் வந்தது, சுருதி இறக்கம், பந்தலுக்குள் கேட்க வெல்லப்பாகு மாதிரி இருக்கும். பாலக்கோட்டில் வசதியான வீடுகளில் கிராமபோன் வைத்துக் கேட்டார்கள், கேட்டவர்கள் எங்களைப் பார்த்து, “உங்க நாயனம் காதக் கிழிக்குதுங்க” என்றார்கள். மழையும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் மலாய் நாட்டில் ரப்பர்த் தோட்டத்துக் கோயில் ஒன்றுக்கு நாயனக்காரர் வேண்டும், பாரி நாயனம் அவர்களே வாங்கித் தருவார்கள் என்று ஆள் வந்தது. அண்ணன் இரண்டு வருஷத்தில் திரும்பி விடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

பொம்மிடி ஸ்டேஷனில் வண்டி வருவதற்கு முன்னால் என்னைத் தனியாக அழைத்துப் போனார். “உப்புக் காத்துல மரம் வெடிச்சுப்போவும்டா, திமிரி இங்கியே இருக்கட்டும். அப்பப்ப எண்ணெ காட்டு. வேற எவனும் வாயி வெக்கக் கூடாது, ஆமா” என்றார். அண்ணியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. வண்டி கிளம்பும்போது அண்ணி கை ஆட்டவில்லை, தலையைச் சாய்த்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார், அது மலையடிவாரத்தில் திரும்பி அடங்குகிறவரை.

கொஞ்ச நாள் கடுதாசி வந்தது. பிறகு சண்டை வந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்றார்கள், கப்பல் இல்லை, தபால் இல்லை, சேதி அற்றுப்போனது. வருஷம் மேல் வருஷம் போனது. ஊரில் மெதுவாக ஒரு பேச்சுக் கிளம்பியது. மாதையன் செத்திருப்பான், இவர்கள் காரியம் செய்யாமல் இருக்கிறார்கள், தீட்டுக் கழிக்காத வீட்டு மேளத்தை எப்படிக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது என்று. நானும் ரங்கனும் வேறொரு நாயனக்காரரைச் சேர்த்துக்கொண்டு பிழைத்துக்கொண்டிருந்தோம், அதிலும் மண் விழுந்தது.

அரூரிலிருந்து பெரியப்பா வந்தார். எங்கள் வகையறாவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து, “இத்தினி வருசமா ஒரு சேதி இல்ல. நாள் பாத்து செய்ய வேண்டியதச் செஞ்சுடலாம்மா. மங்கலமா ஊதற வாயி நம்புளுது. வூட்டுல இப்பிடி ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு எந்த வாசப்படி ஏறுவோம்?” என்றார்.

“அவரு செத்துட்டாருன்னு யாருங்க பாத்தாங்க?” என்று அண்ணி கேட்டார்.

“பொழச்சிருக்கறான்னு யாரும்மா பாத்தாங்க?”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய ஒத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் ஏதோ தீய்கிற வாடை வந்தது, அண்ணி எழுந்து உள்ளே போனார். அதையே சம்மதம் என்று பெரியப்பா எடுத்துக்கொண்டார்.

பங்குனி மாசம். உச்சி வெயில், இருட்டில் ஏதோ கேட்டேன் என்று சொல்கிற கதை இல்லை இது. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. உடல் இல்லாததால் புல்லில் ஆள் மாதிரி ஒன்று கட்டிக் கிடத்தியிருந்தார்கள். அண்ணிக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, அதையெல்லாம் கழற்றுவதற்காகவே அலங்காரம் செய்து கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வளையலை உடைப்பதற்கு வந்திருந்த சொந்தக்கார அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி அழவில்லை. நானும் ரங்கனும் வாசற்படி ஓரமாக நின்றோம். சாவுக் காரியத்தில் எங்கள் மேளம் முழங்கக் கூடாது, அதனால் தவிலுக்கு உறை போட்டிருந்தது, ஒத்து கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. திமிரி உள் அறையில் மரப்பெட்டிக்குள் இருந்தது. அந்த அறைக் கதவு வெளியே சங்கிலி மாட்டியிருந்தது, நானே மாட்டியது.

முதலில் கேட்டது நாயனம்கூட இல்லை. சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊறிவிட்டதா என்று ஊதிப் பார்ப்போமே, குருவிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சல், அது. பெரியப்பா தலையைத் திருப்பி, “எவன்டா அது உள்ள? பசங்கள வெளிய போவச் சொல்லு” என்றார். உள்ளே பசங்கள் யாரும் இல்லை. மறுபடி ஒரு கீச்சல். அப்புறம் திமிரி பேசியது.

நான் அதன் சத்தத்தில் வளர்ந்தவன், இன்னொரு நாயனத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டேன். எடுத்த எடுப்பிலேயே நீலாம்பரி. அது தூங்கப்பண்ணுகிற ராகம், எங்கள் பக்கம் கோயிலில் அம்மனைப் பள்ளியறையில் விட்டுவிட்டு வாசிப்பது. அண்ணன் அதைப் பகலில் வாயால் முனகக்கூட மாட்டார். அது நடுப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், சங்கிலி மாட்டிய கதவுக்குள்ளிருந்து, நிதானமாக, அவருக்கே உரிய அந்தச் சின்ன நடுக்கத்தோடு வந்தது. பக்கத்தில் ரங்கனைப் பார்த்தேன், அவன் விரல் தன்னால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, முகத்தில் ரத்தமே இல்லை.

நான் செய்ததை இப்போதும் என்னால் விளக்கிச் சொல்ல முடியாது. கை தானாகப் போய் ஆணியிலிருந்து ஒத்தை எடுத்துவிட்டது. சீவாளியை வாயில் போட்டு ஊறவைத்தேன், ஊதினேன். யாராவது விளையாடினால் சுருதி இடிக்கும், தெரிந்துவிடும் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ என்னவோ. இடிக்கவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒத்து கிடைத்ததும் உள்ளே இருந்த நாயனம் ஒரு நொடி நின்று, மேலே ஏறியது, தரை கிடைத்தவன் காலை ஊன்றுகிற மாதிரி. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். வழக்கம்போல அண்ணன் நிறுத்தி நிறுத்தி வாசித்தார், இடையில் நாயனம் ஓயும், நான் பிடித்துக்கொண்டே இருப்பேன், மறுபடி வரும். கன்னம் வலித்தது, அப்படியும் விடவில்லை. பிறகு ஒரு இடத்தில் பாதியில் நின்றது. நான் விடாமல் பிடித்தேன். வரவில்லை. வரவே இல்லை. ரங்கன் என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஒத்தை இறக்கினேன்.

பெரியப்பாவே சங்கிலியைக் கழற்றினார். அறையில் யாரும் இல்லை. வேறு கதவு கிடையாது, கூரைக்கு அடியில் கையகலத்துக்கு ஒரு சாளரம்தான். பெட்டியைத் திறந்தோம். துணி உறை, நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தால், நாயனத்தோடு கயிற்றில் கட்டித் தொங்குகிற சீவாளிகளில் ஒன்று மட்டும் ஊறி, உதடு விரிந்து, ஈரமாக இருந்தது. தொட்டேன். விரலில் சிவப்பு ஒட்டியது. பழைய கறை காய்ந்து கறுத்திருக்கும், எனக்குத் தெரியும். இது அப்போதுதான் மென்ற வெற்றிலைச் சாறு.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் நியாயம் இல்லை. கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. வளையல் உடைக்க வந்த அம்மாளே, “எனக்கு ஒத்துச் சத்தந்தான் கேட்டுது, சாவு வூட்டுல இந்தப் புள்ள ஏன் ஊதறான், புத்தி பேதலிச்சுப்போச்சான்னு பாத்தேன்” என்று சொன்னார். பெரியப்பாவுக்குக் கேட்டது. ரங்கனுக்குக் கேட்டது. வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், எங்களுக்குச் சொந்தம்கூட இல்லை, அவருக்குக் கேட்டது.

பெரியப்பா வெளியே வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, “செத்தவனா வெத்தல மெல்லுவான்? அவன் உசுரோட இருக்கறான். தாலியில எவளும் கை வெக்கக் கூடாது. பந்தலப் பிரிங்கடா” என்றார். புல் உருவத்தை அவிழ்த்து மாட்டுக்குப் போட்டார்கள். நான் சிரித்தேன், அழுதேன், ரங்கனைக் கட்டிக்கொண்டேன். அண்ணி மட்டும் அறை வாசலில் ஒரு செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பூவோடும் வளையலோடும், ஒரு வார்த்தை பேசாமல். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு சண்டை முடிகிறவரை நான் அண்ணன் வருவார் என்றே இருந்தேன். பொம்மிடிப் பக்கம் வேலை இருந்தால் வண்டி வருகிற நேரம் பார்த்து ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். அண்ணி ஒருநாளும் அவர் வருவாரா என்று கேட்கவில்லை. நான் அதைப் பெரிய நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டேன்.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஒரு ஆள் மொரப்பூரில் இறங்கி, ஊரை விசாரித்துக்கொண்டு நடந்தே வந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். பேர் குப்புசாமி, அண்ணன் இருந்த தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். நான் களத்துமேட்டில் நின்றிருந்தேன். “நீங்க மாதையண்ணன் தம்பிங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க” என்று சொல்லிவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றி, சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனானாம். போகிற வழியிலேயே யாரோ ஒரு சிப்பாய் பாரி நாயனத்தைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டானாம். அண்ணன் அதற்கு அழவில்லையாம், எங்க ஊர்ல என்னுது ஒண்ணு இருக்குது என்றாராம். மழைக்காலத்தில் முகாமில் வாந்திபேதி வந்தது.

“அண்ணனத் தனியா ஒரு கொட்டாயில போட்டுட்டாங்க. கிட்ட போவக் கூடாதுன்னு காவல் வெச்சுட்டான். தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தாருங்க. நான் வெளியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கையில தண்ணி இருந்துச்சுங்க. குடுக்க வுடல. விடியறப்ப சத்தம் இல்ல” என்றார்.

எப்போது என்று கேட்டேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், அது எங்கள் வீட்டில் பந்தல் போட்ட பங்குனிக்கு முந்தின ஆடி. ஒரே நேரத்தில் நடந்தது, உயிர் பிரிகிறபோது ரத்த பாசம் இழுத்தது என்று சொல்வார்களே, அந்தச் சமாதானமும் இதில் இல்லை. மழையில் செத்தவர் வெயிலில் வந்து வாசித்திருக்கிறார், இத்தனை மாதம் எங்கே இருந்தார் என்று யாரைக் கேட்பது.

குப்புசாமியை ரங்கன் வீட்டில் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு, அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று மறுபடி களத்துமேட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சங்கதியை மட்டும் சாகிறவரை சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்குப் போனேன். அண்ணி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, மலாயாவுலருந்து ஒரு ஆளு வந்தாரு. அண்ணன் போயிட்டாருங்க. காய்ச்சல்தானாம். ஒண்ணும் கஷ்டப்படல, தூக்கத்துலயே போயிட்டாராம்” என்றேன்.

அண்ணி கையிலிருந்த புளியை முறத்தில் வைத்தார். பிறகு, “அந்த ஆளுகிட்ட ஒண்ணு கேட்டீங்களா தம்பி? கடைசில யாராச்சும் அவருக்குத் தண்ணி குடுத்தாங்களா?” என்றார்.

“ஏன் அண்ணி அப்பிடிக் கேக்கறீங்க?” என்றேன்.

“அன்னிக்கு கேட்டாரே. நாயனம் நிக்கற எடத்துலெல்லாம் தண்ணி கேட்டாரு. எம் பேரச் சொல்லிக் கேட்டாரு. நீங்க ஒத்து ஊதிக்கிட்டு இருந்தீங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“உசுரோட இருக்கறாருன்னு எல்லாரும் அவ்வளோ சந்தோசமா இருந்தீங்க. நான் என்னான்னு சொல்லுவேன்? செம்புல மொண்டுக்கிட்டு ஓடியாந்தேன். வர்றதுக்குள்ள நின்னுபோச்சு.”

அன்றைக்கே யாரையும் கூப்பிடாமல், வளையல் உடைக்க ஒருவரும் இல்லாமல், தானே தாலியைக் கழற்றினார். அதன் பிறகு நெடுங்காலம் எங்களோடுதான் இருந்தார், என் பிள்ளைகளை வளர்த்தார், அவரும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. திமிரியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, வாசிக்கவும் விடவில்லை. நான் தொடர்ந்து ஒத்துப் பிடித்தேன், சுருதிப்பெட்டி வந்து எங்களை வீட்டுக்கு அனுப்புகிறவரை பிடித்தேன்.

நீங்கள் நம்ப வேண்டாம். நீங்கள் இருக்கிற இடத்தில் நான் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். நாயனத்தைக்கூட விடுங்கள், அது காதுக் கோளாறு என்றே வைத்துக்கொள்ளலாம். ஒத்தை வாயில் வைத்துவிட்டால் மண்டை முழுக்க அந்த ஒரே சத்தம்தான், அதற்கு மேல் நாயனம் மட்டும் ஏறிக் கேட்கும், பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. அத்தனை நேரம் விடாமல் ஊதினேன். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு இடத்திலும் அவர் நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார். அண்ணியிடம் தண்ணீர் கேட்டார் சரி, என்னிடம் ஏதாவது சொன்னாரா? ஒத்தை நிறுத்துடா என்று சொன்னாரா? அண்ணி அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தார், ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.